மூன்று ஓலை, ஒரு சம்மதம்

எங்கள் ஊர்ப் பக்கம் இன்றும் அதற்கு ‘ஓலை வாசிப்பு’ என்றுதான் பெயர். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். ஓலை எப்போதோ காகிதமாகிவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. 1989 கோடையில் என் சித்தி மகளுக்கு ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் நான் கோவிலில் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தடை எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். மாப்பிள்ளை சித்தியின் அண்ணன் மகன். பிறந்தபோதே பேசி வைத்த உறவு என்பார்கள். அதோடு, சித்தப்பா கிணறு வெட்ட மைத்துனரிடம் வாங்கிய பணமும் திருப்பிக் கொடுக்கப்படாமல் கிடந்தது. அக்கா வேண்டாம் என்றாள். அவள் மனதில் வேறு யாரும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவனைக் கண்டால் பயம், பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சித்தப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மூன்று நாள் சாப்பிடாமல் திண்ணையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். சித்தி தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாவை எடுத்து வந்து, அடுப்படிப் பரணில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள். மஞ்சள் மூடி போட்ட டப்பா. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் காலையில் அக்கா, “சரி, அப்பாவச் சாப்பிடச் சொல்லுங்க” என்றாள். வீட்டில் எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அத்தை மகன், மாமன் மகள் கட்டுவது நம் ஊரில் முறை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அது தடை. கணக்கு எளிது: அக்கா, அவள் அம்மா, அம்மாவின் அண்ணன், அவர் மகன். பொதுவான தாத்தாவை விட்டுவிட்டு எண்ணினால் நான்கு பேர், ஆகவே நான்காம் படி. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பக்கவாட்டு ரத்த உறவில் நான்காம் படி வரை கல்யாணம் செல்லாது. தாய்மாமனுக்கே கொடுத்தால் அது மூன்றாம் படி, இன்னும் நெருக்கம். தகுந்த காரணம் இருந்தால் ஆயர் விலக்கு தரலாம். கூடப்பிறந்தவர்களுக்குள்ளும், பெற்றவர் பிள்ளை என்ற நேர்வழியிலும் மட்டும் விலக்கே கிடையாது. அக்கா கல்யாணத்துக்கான விலக்கை வாங்கச் சித்தப்பா இரண்டு தடவை பஸ் ஏறி ஆயர் இல்லத்துக்குப் போய் வந்தார். முத்திரை வைத்த கடிதம் வந்தது. ரத்த உறவு விஷயத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த ஒழுங்கில் பாதிகூட அவள் மனது விஷயத்தில் நடக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மணமக்களைத் தனித்தனியே கூப்பிட்டுப் பங்குச் சாமியார் விசாரிக்க வேண்டும். கல்யாணம் செல்லுபடியாவதற்குக் குறுக்கே எதுவும் இல்லை என்பது முன்கூட்டியே உறுதியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: இந்தக் கல்யாணத்துக்கு யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா? அன்று சாமியாரின் மேசைக்கு எதிரே மூன்று நாற்காலி போட்டிருந்தது. நடுவில் அக்கா, ஒரு பக்கம் சித்தப்பா, மறுபக்கம் மாப்பிள்ளையின் அப்பா. துணைக்குப் போன நான் நிலைப்படியில் நின்றேன். படிவத்தை உபதேசியார் முன்னாலேயே பூர்த்தி செய்து வைத்திருந்தார். ‘ஆம்’, ‘இல்லை’ எல்லாம் அவர் கையெழுத்து. சாமியார் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனார். அந்தக் கேள்வி வந்தபோது அக்கா குனிந்து முந்தானை நுனியைத் திரித்துக்கொண்டிருந்தாள்.

“சாமி கேக்காருல்லா, சொல்லுட்டி” என்றார் சித்தப்பா.

“இல்ல சாமி” என்றாள். கையெழுத்துப் போட்டாள். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் இருக்காது. வெளியே வந்ததும் மாமா எல்லாருக்கும் கலர் வாங்கிக் கொடுத்தார்.

கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களில் பலருக்கும் சொல்ல வேண்டியதுதான். நம் பக்கத்து லத்தீன் மரபுக் கோவில்களில் கல்யாணத்தைச் செய்து வைப்பவர் சாமியார் அல்ல. மணமகனும் மணமகளும் அந்த அருள்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறார்கள். சாமியார் திருச்சபையின் பெயரால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் சாட்சி. அவரோடு இன்னும் இரண்டு சாட்சிகள் வேண்டும். இந்த ஏற்பாடும் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள், ஓர் ஆணும் பெண்ணும் யாருக்கும் தெரியாமல் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துவிட்டால் அதுவே கல்யாணம். பிறகு ஒருவர் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று கைவிரித்தால் மற்றவருக்கு நாதி கிடையாது. அந்தக் குழப்பத்தை நிறுத்தத்தான் 1563 நவம்பரில் திரெந்து சங்கம், பங்குச் சாமியாரும் சாட்சிகளும் இல்லாத கல்யாணம் செல்லாது என்று விதித்தது. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் அடிப்படை ஒன்றுதான். கல்யாணத்தை உண்டாக்குவது அந்த இருவரின் சம்மதம். அவர்களுக்குப் பதிலாக அதை வேறெந்த மனித அதிகாரமும் கொடுக்க முடியாது. இன்றைய தொகுப்பின் 1057-ஆம் விதி இது. அப்பாவால் முடியாது, ஆயரால் முடியாது, போப்பாண்டவராலும் முடியாது.

தாலியாலும் முடியாது. நம் கோவில்களில் இருவரும் சம்மதம் சொன்ன பிறகுதான் தாலியை மந்திரித்துக் கட்டுகிறார்கள். சிலுவையோ புறாவோ பொறித்த அந்தச் சின்னப் பொன்னுக்காக நடந்த சண்டை கொஞ்சமல்ல. 1704-ல் புதுச்சேரியில், ரோமிலிருந்து வந்த பிரதிநிதி தூர்னோன் போட்ட ஆணை, பிள்ளையார் உருவம் வைத்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் கட்டக் கூடாது என்றது. அதை ஒட்டிய வழக்குகள் ரோம் வரை போய் நாற்பது வருடம் ஓயவில்லை. தாலியில் என்ன உருவம் இருக்கலாம் என்று அத்தனை காலம் விவாதித்த சபை இது. தாலி ஏறப்போகிறவளின் மனதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்க ஓர் அரை மணி நேரம் ஏன் கிடைக்காமல் போனது?

பழைய ஞானோபதேசத்தில் இந்த அருள்சாதனத்துக்கு ‘மெய்விவாகம்’ என்று பெயர். என் பாட்டி ஏழு தேவதிரவிய அனுமானங்களையும் ஒப்பிக்கும்போது கடைசியாக அதைத்தான் சொல்வாள். இப்போது அது ‘திருமணம்’ ஆகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் என்ற முறையில் எனக்குப் பழைய சொல்லே பிடிக்கும். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய பீடத்தின் முன்னால் எங்கள் அக்கா உடம்பை மட்டும் கொண்டுபோய் நிறுத்தினாள்.

பயத்தில் சொன்ன ‘சரி’யைப் பற்றி 1103-ஆம் விதி தெளிவாகப் பேசுகிறது. வெளியிலிருந்து வந்த பலவந்தத்தாலோ கடும் அச்சத்தாலோ, அதிலிருந்து தப்பக் கல்யாணத்தைத் தவிர வேறு வழியில்லை என்று ஒருவர் தலையசைத்தால், அந்தக் கல்யாணம் செல்லாது. அச்சமூட்டியவர் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை என்பதும் விதிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் படித்த அன்று, திண்ணையில் படுத்துக் கிடந்த சித்தப்பாதான் என் கண்முன் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். பெற்றவர் மேலுள்ள மரியாதையே கடும் அச்சமாக மாறிவிடுவதைத் திருச்சபை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகவே இந்த விதிக்குள் வைத்துப் பார்க்கின்றன. அந்தக் கல்யாணத்தின் மேல் அவளுக்கு வெறுப்பு இருந்ததா, அந்த வெறுப்பை மீறி யாராவது அழுத்தினார்களா, இந்த இரண்டையும் துருவிக் கேட்பார்கள்.

அப்படியானால் பெற்றவர்கள் பார்த்து வைக்கிற கல்யாணமெல்லாம் செல்லாதா என்று என்னிடம் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். இல்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்தது என் அப்பாதான். அந்த மாப்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று ராத்திரி அப்பா, “பிடிக்கலேன்னா சொல்லிரும்மா, வேற பாப்போம்” என்றார். சொல்லியிருந்தால் மறுநாளே வேறு பார்த்திருப்பார். அதற்கு முன்னால் ஒரு இடத்தை நான் வேண்டாம் என்றபோது அப்படித்தான் செய்தார். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமிருந்ததால் என் ‘சரி’க்கு உயிர் இருந்தது.

தடை என்றால் எங்கள் ஜனங்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது வேறு. அவனுக்கு முன்னமே கல்யாணம் ஆகியிருக்கிறதா, பெண் வீட்டார் இந்துவா, அப்படியானால் ஆயரின் விலக்கு இல்லாமல் செல்லாது, மாப்பிள்ளை சி.எஸ்.ஐ.யா, அனுமதி வாங்க வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீசில் மட்டும் கையெழுத்துப் போட்டு வந்த கத்தோலிக்கப் பிள்ளைகளா, கோவிலைப் பொறுத்தவரை இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இதையெல்லாம் கண் தெரியாத பாட்டிகூட விரல் மடக்கிச் சொல்வாள். பரணில் இருந்த டப்பா மட்டும் யார் கணக்கிலும் தடையாக வரவில்லை. எனக்கே வரவில்லை. குடும்ப விஷயம் என்றுதான் அந்த மூன்று ஞாயிறும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1991-ல் ஒரு பையன் பிறந்தான். 1996-ல் அவனைக் கூட்டிக்கொண்டு அக்கா திரும்பி வந்தாள். இடையில் அவள் பட்டதை எழுத எனக்கு உரிமையில்லை. 2004-ல் கோர்ட்டில் இருவரும் பேசிப் பிரிந்தார்கள். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டத்தில் பரஸ்பர சம்மதம் என்ற வழி திறந்ததே 2001 திருத்தத்துக்குப் பிறகுதான். அது முடிந்த சில வாரங்களில், நற்கருணை வரிசையில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்து முன்னால் நின்ற பெண், “நீ வாங்கலாமாட்டி?” என்று கேட்டிருக்கிறாள். அக்கா வரிசையை விட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து கடைசி பெஞ்சு. பூசைக்கு வருவாள், நற்கருணை வாங்க எழுந்திருக்க மாட்டாள். ஒன்பது வருடம். கோர்ட்டில் விவாகரத்து வாங்கி, மறுமணம் செய்யாமல் இருக்கிறவர் அந்த ஒரே காரணத்துக்காக நற்கருணையிலிருந்து விலக வேண்டும் என்று திருச்சபையில் விதியே இல்லை. ஒரு பிரசங்கத்தில் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். இதை வாசிக்கிற குருக்கள் யாராவது இருந்தால், இந்த ஞாயிறே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2013-ல் திருமண நீதிமன்றத்துக்கு மனு எழுதித் தரும்படி அக்கா என்னிடம் வந்தாள். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. இந்த வயசுல எதுக்கு என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எனக்கு இன்னொரு கல்யாணமெல்லாம் வேண்டாம். அன்னைக்கு நான் பீடத்துல நின்னு சொன்னது பொய்யின்னு யாராவது எழுதித் தரணும். நான் சாமிக்கு முன்னால பொய் சொன்னவளாவே செத்துப் போகக் கூடாது.”

ஊரில் இதற்குச் ‘சர்ச் டைவர்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தவறான பெயர். செல்லுபடியான மெய்விவாகம் ஒன்று சேர்ந்து வாழ்ந்து நிறைவும் பெற்றுவிட்டால் அதைப் பிரிக்கத் திருச்சபைக்கே அதிகாரம் கிடையாது. நீதிமன்றம் பார்ப்பது, அந்த நாளில், அந்த நிமிடத்தில், கல்யாணம் என்று ஒன்று உண்டானதா என்பதை மட்டும். பின்னால் எவ்வளவு சண்டை வந்தது என்பது அதற்குச் சாட்சியாகலாமே தவிரக் காரணமாகாது. சந்தேகம் இருந்தால் கல்யாணம் செல்லும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். செல்லாது என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கல்யாணத்தின் பக்கம் நின்று வாதாடவே ‘பந்தப் பாதுகாவலர்’ என்று ஒருவர் உண்டு. 1741-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்ற போப்பாண்டவர் ஏற்படுத்திய பொறுப்பு அது.

சாட்சியாக என்னையும் அழைத்திருந்தார்கள். சின்ன அறை. பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். நீதிபதியான குருவானவர் கேட்கக் கேட்க, பக்கத்தில் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மருந்து டப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் நிறுத்தி, “நீங்கள் பார்த்தீர்களா, கேள்விப்பட்டீர்களா?” என்றார்.

“பார்த்தேன் சாமி. மஞ்சள் மூடி.”

“அப்போது யாரிடமாவது சொன்னீர்களா?”

“இல்லை சாமி.”

இரண்டு பதிலும் தாளில் ஏறின. கீழே கையெழுத்துப் போட்டேன்.

பந்தப் பாதுகாவலர் எழுதிக் கொடுத்திருந்த கேள்வி ஒன்று அக்காவுக்கு: விருப்பமில்லாமல் நடந்தது என்றால் ஏழு வருடம் ஏன் சேர்ந்து வாழ்ந்தீர்கள்? கேட்க வேண்டிய கேள்விதான். அக்கா சொன்னாளாம்: “போவ எடமில்ல சாமி.” அவள் புருஷனும் வந்து சாட்சி சொன்னான். அவன் வாக்குமூலத்தை அக்கா படித்துவிட்டு என்னிடம் சொன்னபோது எனக்குப் பேச்சு எழவில்லை. தனக்கும் இதில் இஷ்டமில்லை, அப்பா முடிவு செய்துவிட்டார், தன்னையும் யாரும் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தான். அவனுடைய விசாரணைப் படிவத்தையும் யாரோ முன்னாலேயே பூர்த்தி செய்துதான் வைத்திருப்பார்கள்.

முதல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் நீளக் கூடாது என்று சட்டத் தொகுப்பு சொல்கிறது. எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. அதற்குள் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த சீர்திருத்தம் 2015 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. முன்பெல்லாம் ஒரு நீதிமன்றம் ‘செல்லாது’ என்றால் இரண்டாவது நீதிமன்றமும் அதை உறுதி செய்ய வேண்டும்; அந்தக் கட்டாயம் போயிற்று. கூடியவரை இந்த வழக்குகளுக்குப் பணம் வாங்காதீர்கள் என்றும் அந்த ஆவணம் ஆயர்களைக் கேட்டுக்கொள்கிறது. 2016-ல் தீர்ப்பு வந்தது: அச்சத்தால் சம்மதம் பழுதானது, கல்யாணம் செல்லாது.

பையனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. தாளைப் படித்துவிட்டு, “அப்போ நான் யாரும்மா?” என்றான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனையோ தாய்மார்கள் நீதிமன்ற வாசலை மிதிப்பதில்லை. இருவரில் ஒருவராவது அதை உண்மையான கல்யாணம் என்று நம்பியிருந்தால், அதில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகள்தான். பெற்றோரின் கல்யாணம் செல்லாது என்ற தீர்ப்பு அவர்களைத் தொடாது. 1137-ஆம் விதி. தீர்ப்பெழுதிய குருவானவரே அவனை வரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினார். அதற்காக அவரை என்றும் நினைப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இதில் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோவில் நீதிமன்றத்தின் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தில் கல்யாணத்தை முறிக்காது. 1996-லும் பிறகு 2017-லும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோவில் தாளை மட்டும் நம்பி அடுத்த கல்யாணம் செய்துகொள்பவர் இருதார மணக் குற்றத்தில் மாட்டுவார். இரண்டு வாசலிலும் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பங்கில் திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கு வகுப்பெடுக்கப் போகிறேன். மூன்று நாள் வகுப்பு. வருகிற பிள்ளைகள் நன்றாகப் படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் அவர்கள் பயிற்சிக்கு வரும்போது மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பத்திரிகை அச்சடித்தாயிற்று, நகை எடுத்தாயிற்று. சாமியாரின் விசாரிப்பு அதற்கும் பிறகு, ஓலை வாசிக்கிறதுக்கு முந்தின வாரம். அந்த நேரத்தில் எந்தப் பெண் வேண்டாம் என்று சொல்வாள்? எந்தப் பையன்தான் சொல்வான்? விசாரிப்பு நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று மூன்று வருடமாகப் பங்குப் பேரவையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படிக் கேட்டால் நாலு கல்யாணம் நின்று போகும் என்று ஒரு பெரியவர் எழுந்து சொன்னார். நிற்கட்டும். நின்று போகிற அந்த நாலும் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தேதியை மாற்ற இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதைய பங்குச் சாமியார் ஒரு காரியம் மட்டும் செய்தார். விசாரிப்புக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களை வெளியே வாதாமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார வைக்கிறார். பெண்ணையும் பையனையும் தனித்தனியே கூப்பிடுகிறார். படிவத்தை அவரே கையில் பேனா பிடித்து எழுதுகிறார். கதவு திறந்தே இருக்கும். பேச்சு மட்டும் வெளியே கேட்காது. போன மாதம் ஒரு தகப்பனார், “எம் பொண்ணத் தனியா வச்சு என்ன சாமி கேக்கப் போறீங்க?” என்று குரலை உயர்த்தினார். சாமியார் பதில் சொல்லாமல் அவர் தோளைத் தொட்டு மரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு வந்தார். அந்தப் பெண் நாற்பது நிமிடம் உள்ளே இருந்தாள். மேசைக்கு எதிரே ஒரு நாற்காலிதான் போட்டிருந்தது.